மிதிக்கக் கூடாத மைதானம்

திஸா ஆற்றங்கரைப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துவந்த நெவென்கா டீச்சருக்கு, பள்ளி முற்றத்துத் தார்த்தரையைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது. ஜூன் மாத வெயிலில் அது இளகும். ஒருமுறை ஓட்டப்பந்தயத்தில் ஒரு பெண்ணின் செருப்பு தாரில் ஒட்டிக்கொண்டது. பெண் ஜெயித்துவிட்டாள், செருப்பு செப்டம்பர் வரை அங்கேயே நின்றது. பிற்பாடு முன்பாதித் தாரைப் பெயர்த்தெடுத்தபோது ஏழு செருப்பும், இரண்டு பந்தும், ரசாயன ஆசிரியரின் குடையும் கிடைத்தன. குடைக்கு ஒன்றும் ஆகவில்லை. விரித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அந்தத் தாரைப் பெயர்க்க வைப்பதற்கே அவள் ஆறு வருடம் மனு எழுதினாள். முட்டி சிராய்க்காத பிள்ளை ஒன்றுகூட இல்லை, ஓடவே பயந்து இடைவேளை முழுக்கச் சுவரில் சாய்ந்து செல்போனைத் தடவுகிறார்கள், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று எழுதி எழுதி, அவள் கையெழுத்தைக் கண்டாலே நகரசபையில் எல்லோருக்கும் பசி வந்துவிடும், சாப்பிடப் போய்விடுவார்கள் என்ற நிலை. கடைசியில் பாதிக்கு மட்டும் இறங்கிவந்தார்கள். முன்பாதியில் புல், ஒரு மண்மேடு, ஏறி விளையாட மரச்சட்டங்கள், பதினோரு லிண்டன் மரக்கன்று. மே மாதக் கடைசியில் நகரசபையிலிருந்து ஒரு அம்மையார் வந்து பார்ப்பார். பிள்ளைகள் புல்லில் ஓடியாடுவதைக் கண்ணால் கண்டால் பின்பாதித் தாரையும் பெயர்ப்பார்கள். காணாவிட்டால் பின்பாதி கார் நிறுத்துமிடம்.

இதில் தப்பு நடக்க வழியே இல்லை என்று நெவென்கா நினைத்தாள். பள்ளியைப் பராமரிக்கும் ராதிவோயெயை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

புல் விதையைத் தன் கையால் தூவியவர் அவர். தூவிய அன்றே சுற்றிலும் கயிறு கட்டி, 'புல்லை மிதிக்காதே' என்று பலகையும் நட்டுவிட்டார். பந்து உள்ளே விழுந்தால் ஏணியைப் புல்லுக்கு மேலே பாலம்போல நீட்டி, அதில் குப்புறப் படுத்துத் தவழ்ந்துபோய் எடுத்துவருவார். நாளடைவில் குருவிகூட கயிற்றுக்கு வெளியே நடந்து சுற்றித்தான் போயிற்று.

"அண்ணே, எப்பத்தான் பிள்ளைங்கள உள்ள விடுவீங்க?"

"வேர் பிடிக்கட்டும் டீச்சர்."

வேர் பிடித்தது.

"மொத வெட்டு வெட்டிடலாம்."

வெட்டியும் ஆயிற்று.

"இப்பத்தான வெட்டிருக்கு. புண்ணு மாதிரி. ஆறட்டும்."

"புல்லுக்குப் புண்ணுன்னா இவ்ளோ கரிசனம்! இருபத்திரண்டு வருஷமா பிள்ளைங்க முட்டி புண்ணாச்சே, அப்ப எங்க போனீங்க?"

"முட்டி தன்னால வளந்துடும் டீச்சர். புல்லுக்குத்தான் தண்ணி ஊத்தணும்."

தலைமையாசிரியர் லியுபின்கோவிடம் போனாள். அவர் ஜன்னல் வழியே புல்லை ரசித்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ பச்ச, பாத்தீங்களா? பிள்ளைங்கள விட்டா நாசமாயிடும்."

"சார், பிள்ளைங்களுக்காகத்தான் சார் போட்டோம்!"

"யாரு இல்லன்னா? நல்லா பாக்கட்டும்."

நெவென்கா கதவை அறைந்து சாத்தினாள். அது திரும்பத் திறந்துகொண்டது. அந்தக் கதவுக்கும் யாரோ மனு எழுத வேண்டும்.

அம்மையார் வந்த நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் வெள்ளைச் சட்டையில் நின்றார்கள். புல்லில் இல்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, இரு முனையிலும் கேட் உள்ள சிமெண்ட் நடையில். புல்லின் பெருமையைப் பாட்டாகப் பாடினார்கள். தாழ்வாரத்தில் பாலாடைக்கட்டி, சுட்ட இறைச்சி, பிளம் சாராயம் என்று விருந்து. ஒரு பக்கம் தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாட்டு நல்லாருக்கு. பிள்ளைங்க எங்க வெளையாடுவாங்க?" என்று கேட்டார் அம்மையார்.

"முதல்ல சாப்பிடுங்க" என்றார் லியுபின்கோ.

அம்மையார் குறிப்பேட்டை மூடினார். நெவென்காவின் மனக்கண்ணில், பின்பாதியில் கார்கள் வரிசையாக வந்து நிற்பதே தெரிந்தது.

அப்போது ரொட்டி வண்டிக்காரன் பின்கேட்டைத் திறந்து, வண்டியைப் பாதி உள்ளே விட்டு நிறுத்தினான். முன்கேட் ஏற்கெனவே திறந்திருந்தது. ஆற்றுக்காற்று நடை வழியே வந்து மேஜைக் காகிதங்களைத் தூக்கிற்று.

அந்த ஊரில் வெள்ளத்துக்குப் பயப்படாதவர்கள் உண்டு, எதிரெதிர் வாசல் திறந்தால் நடுவே பாயும் குறுக்குக் காற்றுக்குப் பயப்படாதவர் கிடையாது. கழுத்துப் பிடிப்பு, பல்வலி, விவாகரத்து எல்லாம் அதனால்தான். ராதிவோயெயின் பெரியப்பா போரில் பீரங்கிக்குத் தப்பி வீடு திரும்பும் வழியில், பேருந்தில் இரண்டு ஜன்னல் எதிரெதிரே திறந்திருந்ததால் இறந்துபோனார். குறுக்குக் காற்று பட்டுவிட்டது, பிள்ளையை ஓடவிடாதீர்கள் என்று பெற்றோரிடமிருந்து வரும் சீட்டுகளை இருபத்திரண்டு வருடமாகக் கிழித்துப்போட்டவள் நெவென்கா. அவளுக்கு மட்டும் அதில் துளியும் நம்பிக்கை இல்லை.

"ஐயய்யோ!" என்று அலறினாள். "பிள்ளைங்க குறுக்குக்காத்துல நிக்குதுங்க! வேர்வையோட!"

ஒரு பிள்ளைக்கும் வேர்த்திருக்கவில்லை. இருந்தும் தாய்மார்கள் மொத்தமாக எழுந்தார்கள். லியுபின்கோவின் கையிலிருந்து முள்கரண்டி விழுந்தது.

"கேட்டச் சாத்துங்கய்யா!"

"வண்டி நிக்குது சார், சாத்த முடியாது!"

"அப்ப எங்கதான் கொண்டுபோறது?"

"மேட்டுக்குப் பின்னால காத்து இல்ல" என்றாள் நெவென்கா.

எல்லோரும் ராதிவோயெயைப் பார்த்தார்கள். அவர் புல்லைப் பார்த்தார். பிள்ளைகளின் திறந்த கழுத்துகளைப் பார்த்தார். பேனாக்கத்தியை எடுத்துக் கயிற்றைத் தானே அறுத்தார்.

"ஓடுங்கடா! நிக்காதீங்க, கழுத்து போயிடும்!"

ஓடினார்கள். அப்புறம் அவர்களை வெளியே கொண்டுவர யாராலும் முடியவில்லை. மேட்டிலிருந்து உருண்டார்கள், மரச்சட்டங்களில் தொங்கினார்கள், வெள்ளைச் சட்டை எல்லாம் பச்சைச் சட்டை ஆயிற்று. ராதிவோயெ ஓரத்தில் நின்று, "மெதுவா, மெதுவா" என்று முனகிக்கொண்டே இருந்தார். அம்மையார் குறிப்பேட்டைத் திறந்து கால் மணி நேரம் எழுதினார். பின்பாதித் தாரையும் பெயர்ப்பது என்று அன்றே முடிவாயிற்று.

மறுநாள் லியுபின்கோ சுற்றறிக்கை அனுப்பினார்: நடையில் குறுக்குக் காற்று உள்ள நேரங்களில் பிள்ளைகள் அனைவரும் கட்டாயம் புல்வெளியில் இருக்க வேண்டும்.

நெவென்கா அதை இரண்டு தரம் படித்தாள். அன்றுமுதல் தினமும் எட்டு மணிக்கு முன்பே வந்து, இரண்டு கேட்டையும் அகலத் திறந்து கம்பி போட்டுக் கட்டிவிடுவாள்.

"டீச்சர், இன்னிக்கு ஒரு இல கூட அசையலயே" என்றார் ராதிவோயெ.

"ரெண்டு கேட்டும் தெறந்திருக்குல்லண்ணே."

அவர் இரண்டு கேட்டையும் பார்த்தார். பிறகு சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் புல்லுக்கு விரட்டப் போனார்.