ஜெசிந்தா இறங்கிய விதம்

குளிர்கால விளையாட்டுப் போட்டியில் பனிச்சறுக்குத் தாவலுக்காக உயரமான மேடையிலிருந்து பாய்ந்த குன்னூர் ஜெசிந்தா, பாதி வழியில் காற்றிலேயே நின்றுவிட்டாள்.

அந்த விளையாட்டில் இது அவ்வப்போது நடப்பதுதான். நடுவர்கள் பேனாவை மூடிவிட்டுத் தேநீர் வரவழைத்தார்கள். காலில் கட்டிய சறுக்குக் கட்டை தரையைத் தொடும் இடம்வரைதான் தூரம். வெளிச்சம் போவதற்குள் தொடாவிட்டால், தாவவே இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

பயிற்சியாளர் தணிகாசலம் ஒலிபெருக்கியை வாங்கினார்.

"ஜெசி, எறங்கும்மா!"

"வர மாட்டேங்குது சார்!"

"கனமா எதையாவது நெனச்சுப் பாரு."

அவள் வீட்டு இரும்பு பீரோவை நினைத்தாள். பெரியப்பாவை நினைத்தாள். கொஞ்சம் இறங்கினாள். அப்போது பெரியப்பா கல்யாண வீட்டில் ஆடியது ஞாபகம் வந்து சிரித்துவிட்டாள். முன்பிருந்ததைவிட மேலே போய்விட்டாள்.

மற்றவர்கள் வரிசையாகத் தாவிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொரு முறையும் காலை மடக்கி வழிவிட்டாள். நார்வேக்காரி கடந்து போகும்போது மரியாதையாகத் தலையசைத்தாள். எல்லோரும் ஒழுங்காகக் கீழே போய்ச் சேர்ந்தார்கள்.

சறுக்கும் அளவுக்குப் பனி விழாத ஊரில், தகரக் கூரையில் சோப்பு நுரை பூசிச் சறுக்கிப் பழகியவள் ஜெசிந்தா. அதில் ஒரு முன்பல் போயிருந்தது. அத்தனையும் தாவவே இல்லை என்று ஆகப்போகிறதே என்று அழுதாள். ஒரு சொட்டு கீழே விழுந்தது.

தணிகாசலம் தலைமை நடுவரிடம் ஓடினார். "தரையைத் தொட்டாச்சு!"

"கண்ணீர் கட்டையில் சேராது" என்றார் நடுவர்.

"சரி, தரை வந்து கட்டையைத் தொட்டா?"

நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "தானாக வந்தால் ஆட்சேபணை இல்லை. நீங்கள் தூக்கக் கூடாது."

தணிகாசலம் சரிவில் மண்டியிட்டு, பனியைக் கையால் விலக்கி, மண்ணருகே வாயை வைத்தார். "ஐயா, புள்ள ரொம்ப நேரமா நிக்குது. நீங்கதான் மனசு வைக்கணும்."

மலை சற்று யோசித்தது. பிறகு, கால் மரத்துப்போனவர் எழுந்திருப்பதுபோல, முதலில் ஒரு பக்கமும் அடுத்து மறுபக்கமுமாக எழுந்தது. பார்வையாளர்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே உயர்ந்தார்கள். பனி அவளுடைய கட்டைகளை மெதுவாகத் தொட்டது. ஜெசிந்தா கைகளை விரித்து, வளைந்து, வழுக்கிக்கொண்டே போய் வேலியருகே நின்றாள். தணிகாசலம் அழுதுகொண்டே விசிலடித்தார்.

இறங்கிய அழகுக்கான மதிப்பெண்ணில் பாதியை மலைக்குக் கொடுத்தார்கள். அது நியாயம்தான் என்று ஜெசிந்தாவுக்கும் பட்டது. அப்படியும் மூன்றாம் இடம் வந்தது.

பரிசளிப்பில் தங்கம் வென்றவளின் நாட்டுப் பண் தொடங்கியபோது, வெள்ளி வென்றவள் வழக்கம்போல உருக ஆரம்பித்தாள். அவளுடைய அம்மா வாளியோடு வந்தார். ஜெசிந்தா குனிந்து வாளியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாகப் பதக்கம் டங்கென்று உள்ளே விழுந்தது.

"சாய்க்காம பிடிங்க" என்றது வாளிக்குள்ளிருந்து குரல்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, ஜெசிந்தா கொடியைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.