சவுக்கை மூடியபின்

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் ரோட்டில், திருவிதாங்கூர் எல்லை தொடங்கும் இடத்தில் சுங்கச் சவுக்கை இருந்தது. சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியும் அதன் மூங்கில் தடுப்பு போகவில்லை. தடுப்புக்குத் தென்காசிப் பக்கம் குருவம்மாள் சோற்றுக்கடை போட்டிருந்தாள். வண்டிகளைச் சோதித்து, புகையிலைக்கும் மற்ற சரக்குக்கும் தீர்வை வாங்கி விடுவதற்குள் உச்சி சாய்ந்துவிடும். காத்துக் கிடக்கிற வண்டிக்காரர்கள் அவளிடம்தான் சாப்பிட்டார்கள். புருஷன் போன பிறகு மகளை அவள் வளர்த்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்த வரும்படியில்தான்.

சாரல் அடித்த ஒரு நாள், வண்டிக்காரர் சிவசைலம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஏ குருவம்மா, ரெண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டாச்சு! ஆவணி பொறந்தா தீர்வை கெடையாது. சவுக்கையை மூடுதாங்க!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். குருவம்மாள் கரண்டியைச் சட்டியில் போட்டாள்.

"நிக்காமப் போற வண்டிக்கு நான் என்னத்தப் போட, அண்ணாச்சி?"

ஆவணி பிறந்தது. தடுப்பைக் கழற்றினார்கள். வண்டிகள் சலங்கை குலுங்க ஓடின. வடித்த சோறு பொழுது சாயும்வரை அப்படியே இருந்தது. மறுநாளும் அதே கதை. ஒப்பந்தம் போட்டவர்கள்மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கடைசியில் ரோட்டில் இறங்கி, சிவசைலத்தின் வண்டியை மறித்தாள்.

"இப்ப மாட்டை எங்கன அவுக்கீய?"

"புளியரையில. மலை ஏறுததுக்கு முன்ன மாடு மூச்சு வாங்கணும்லா."

"அங்கன சோறு கெடைக்கா?"

"காப்பிதான் உண்டு."

எல்லைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிற புளியரையில் கடை போட முன்பே அவளுக்கு ஆசை இருந்தது. ஆனால் புகையிலை இல்லாத கடையில் வண்டிக்காரன் உட்காரமாட்டான். சவுக்கையில் தீர்வை கட்டிப் புகையிலை கொண்டுபோனால் கட்டுபடியாகாது. இனி அந்தத் தீர்வையைக் கேட்க யார் இருக்கிறார்கள்? நினைத்ததும் குருவம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த நாள் பானை, அண்டா, புகையிலைச் சிப்பம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக் கிளம்பினாள். சவுக்கைச் சேவகர் ஏசுவடியான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில், "சிப்பத்துல என்ன?" என்று கேட்டுவிட்டார்.

"பொகையிலை. என்ன செய்யப் போறீரு?"

அவருக்கும் சிரிப்பு வந்தது. "ஒண்ணுமில்லம்மா. எனக்கும் கொல்லத்துக்கு மாத்தலாயிட்டு. பாத்துப் போங்க."

புளியரையில் மரத்தடியில் அடுப்பு மூட்டினாள். சோறு வெந்துகொண்டிருக்கையில் மலைப்பக்கமிருந்து பாக்கு மூட்டைகளோடு வண்டிகள் இறங்கி வந்தன. முன்வண்டிக்காரன் மலையாளத்தில் கேட்டான்:

"அம்மே, சோறு உண்டோ?"

அந்தப் பக்கத்து ஆட்களும் சாப்பிட வருவார்கள் என்று அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிகளை எட்டிப் பார்த்தாள். உலையில் வேகிற சோறு பற்றாது.

"உண்டு, உண்டு. உக்காருங்க," என்று சொல்லிவிட்டு, அண்டாவை எடுத்துக்கொண்டு இன்னொரு உலைக்குத் தண்ணீர் எடுக்க ஓடைக்கு விரைந்தாள்.