முடுக்காத நட்டு

கையில் ஸ்பேனரோடு அமராவதி தெருமுனை வரை ஓடினாள். புருஷனின் மோட்டார் சைக்கிள் சத்தம் அதற்குள் திருமயம் கோட்டையைத் தாண்டியிருந்தது. அரிமளம் ரோட்டில் திரும்பிக் கொஞ்ச நேரம் படபடத்தது. பிறகு அதுவும் கேட்கவில்லை. ரோட்டின் மேல் செம்மண் புழுதி மட்டும் அடங்காமல் நின்றது.

பின் சக்கரத்து நட்டை அவள் விரலால்தான் திருகியிருந்தாள். ஸ்பேனர் போட்டு முடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிக்கு வேலை பார்ப்பது அந்த வீட்டில் வழக்கம். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைக்க வேண்டும். பிளக்கை உப்புத்தாளால் சுரண்ட வேண்டும். செயின் தொய்ந்திருந்தால் பின் சக்கரத்து நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்துவைத்து, மறுபடி முடுக்க வேண்டும். ராயவரத்துச் செட்டியார் வீட்டுக் கொட்டகையில் சும்மா கிடந்து அவர்கள் கைக்கு வந்த சின்ன வண்டி அது. வாரம் ஒருநாள் கவனிக்காவிட்டால் மூன்றாம் நாள் மக்கர் பண்ணும்.

அவள் புருஷன் அழகுமலை திருமயம் மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். கிராமங்களில் அவனை மாட்டு டாக்டர் என்றே சொல்வார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊசி போடப் போன இடத்தில் ஒரு காளை அவன் வலக்கையைக் கட்டுத்தறிக் கல்லோடு வைத்து நசுக்கிவிட்டது. அதிலிருந்து இரண்டு விரல் மடங்காது. வண்டி ஓட்டினான், ஊசியும் போட்டான். ஸ்பேனரை இறுக்கிப் பிடிக்க மட்டும் வரவில்லை. கை சரியில்லாதவன் என்று ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமென்று அவனுக்குப் பயம். அதனால், “கீரனூர்ல சைக்கிள் கட வச்சிருக்கான்ல நம்ம நாகராசு, தம்பி, அவன் வந்து பாத்துக்கிருவான்” என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான். முதல் இரண்டு மாதம் நாகராசு வந்து பார்த்ததும் உண்மைதான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே அமராவதி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். அப்புறம் ஞாயிறுதோறும் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளே செய்தாள். இது அவர்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அன்றைக்கு அவள் நட்டை மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் நின்று கத்தினார். வயிற்றுக்குள் கன்று குறுக்கே கிடக்கிறது, பசு பிழைக்காது போலிருக்கிறது என்றார். சொன்ன கையோடு திரும்பிப் போய்விட்டார்.

“அமராவதி, ஊசிய வெந்நியில போட்டு எடு. வெரசா” என்றான் அழகுமலை.

அவள் நட்டை விரலால் ஒரு திருகு திருகிவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஊசிப்பெட்டியோடு வருவதற்குள் அவன் வண்டியைத் தெருவுக்கு உருட்டியிருந்தான். “கஞ்சிய வந்து குடிச்சுக்கிறேன்” என்று மிதித்துக் கிளப்பினான். அவன் போன பிறகு கொல்லைக்கு வந்தவள், சாக்கின் மேல் ஸ்பேனர் கிடப்பதைப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் அய்யாக்கண்ணு சைக்கிளைச் சுவரில் சாத்திவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். தெருமுனையிலிருந்து திரும்பியவளை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன தாயி, கையில ஸ்பேனரோட?”

“அவுக மறந்து வச்சுட்டுப் போயிட்டாக, அண்ணே.”

“தேவைப்படுமோ என்னமோ. நான் வேணா ஒரு மிதி மிதிச்சுக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வரவா?”

அவர் கேட்டது விளையாட்டுக்கில்லை. சைக்கிளைச் சுவரிலிருந்து எடுத்தும் விட்டார். மாடு கன்று போட எப்படியும் ஒரு மணி நேரமாவது ஆகும், அதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் ஸ்பேனரை மட்டும் கொடுத்தால் போதாது. எந்த நட்டு, ஏன் என்று சொல்ல வேண்டும். அவர் மனைவி செவந்தி காதுக்குப் போய், அங்கிருந்து தெருவுக்குப் போய், திங்கட்கிழமை ஆபீசுக்கும் போய்விடும். புருஷனின் கையை ஊர் பார்க்கும்.

“வேணாம்ணே. அவுக வந்துருவாக” என்றாள்.

வீட்டுக்குள் வந்து உலை வைத்தாள். விரலால் திருகினாலும் மரை பிடித்திருக்கும், ரோடு மோசம், அவர் மெதுவாகத்தான் போவார், வண்டி ஆடினால் அவருக்கே தெரிந்துவிடும். இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். சோறு குழைந்துவிட்டது. ரோட்டில் லாரி போனாலும் பஸ் போனாலும் எழுந்து எழுந்து வாசலுக்கு வந்தாள்.

பதினோரு மணிக்கு ஒரு கட்டைவண்டி வந்து வாசலில் நின்றது. வண்டிக்காரர் ராக்கன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். வைக்கோல் மேல் அழகுமலை கிடந்தான். பக்கத்தில் மோட்டார் சைக்கிளையும் ஏற்றியிருந்தார்கள்.

“மாட்டப் பாத்துட்டுத் திரும்பி வாரப்ப, கண்மாய்க்கர எறக்கத்துல தாயி. எனக்கு எதுத்தாப்புலதான் வந்தாரு. பின் சக்கரம் ஒரு பக்கமா இழுத்துச்சு, செயின் கழண்டு சக்கரத்துல சுத்திக்கிருச்சு. தூக்கி எறிஞ்சதுல பாலத்துக் கல்லுல தல அடிச்சிருச்சு. தண்ணி குடுத்தேன். உள்ள எறங்கல.” அவர் மோட்டார் சைக்கிளைக் காட்டினார். “பின்னால நட்டே இல்ல.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே சொன்னார். “பசு பொழச்சிருச்சாம். கன்னும் பொழச்சிருச்சாம்.”

அமராவதி அழவில்லை. வண்டியில் ஏறி, அவன் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தாள். செவந்தி வந்து அவளைப் பிடித்து இறக்க வேண்டியிருந்தது.

கீரனூர் பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினார்கள். போலீஸ்காரர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். கோடித்துணி போட அமராவதி பிறந்த வீட்டு ஆள் யாருமில்லை. ஒரே அண்ணன் மலேயாவுக்குப் போனவன், கடிதம் நின்று ஆறு வருஷம். செவந்திதான் ஒரு புடவை எடுத்துவந்து அவள் தோளில் போட்டாள்.

நாலரை மணிக்கு மாமியார் பிச்சையம்மாள் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் நாகராசு செருப்பில்லாமல் வந்தான். மகன் முகத்தைத் தடவித் தடவி அழுத பிச்சையம்மாள், அழுகைக்கு நடுவே, எப்படி, எதனால் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நட்டு கழன்ற கதையை யாரோ சொன்னார்கள். அவள் அழுகை சட்டென்று நின்றது. திரும்பி நாகராசுவைப் பார்த்தாள்.

“நேத்து ராத்திரி நீ இங்கினதானடா படுத்திருந்த? வண்டியப் பாத்துட்டு வாரேன்னுதானடா கெளம்பி வந்த?”

நாகராசு சுவரில் சாய்த்திருந்த மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அச்சு முனையில் வெறும் மரை மின்னியது. அதை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு தலை நிமிர்ந்து, கூட்டத்துக்கு நடுவே அமராவதியைப் பார்த்தான். அவன் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிப் போனவன், வண்டியைத் தொடவே இல்லை.

“பாத்தேன் ஆத்தா. நட்ட முடுக்க மறந்துட்டேன்” என்றான்.

பிச்சையம்மாள் அவன் முகத்திலும் மாரிலும் மாறி மாறி அடித்தாள். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

அமராவதி எழுந்துவிட்டாள். “இல்ல அத்த. தம்பி தொடவே இல்ல. நான்தான் மாட்டுனேன். எப்பவும் நான்தான் பாப்பேன். நான்தான் முடுக்காம விட்டேன்.”

செவந்திதான் முதலில் அவளை இழுத்து மடியில் அணைத்துக்கொண்டாள். “பொம்பள எங்கிட்டு வண்டியில கை வைக்கிறது? புத்தி பெரண்டு போச்சே புள்ளைக்கு.”

“கையப் பாருங்கக்கா. கிரீஸ பாருங்க.”

“வண்டியில விழுந்து கெடந்தீல்ல, ஒட்டியிருக்கும். சும்மா இரு ஆத்தா.”

பின்னாலிருந்து ஒருத்தி சொன்னது எல்லாருக்கும் கேட்டது. “கொழுந்தனுக்கு எம்புட்டுப் பரியுறா பாரு.”

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்க ஆண்கள் எழுந்த சமயத்தில் நாகராசு அவள் பக்கமாக வந்து குனிந்தான். துண்டு எடுப்பதுபோல் கையை நீட்டினான். “மதினி, பேசாம இருங்க. உண்மைனு தெரிஞ்சா ஆத்தா ஒங்கள இன்னிக்கே தெருவுல தள்ளிரும். எனக்குக் கட இருக்கு. ஒங்களுக்கு எங்க இருக்கு?”

காலையில் அய்யாக்கண்ணு முன்னால் உண்மையை விழுங்கியதுபோலவே அவள் இப்போதும் விழுங்கினாள்.

அழகுமலைக்குப் பிள்ளை கிடையாது. தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். கொள்ளிச் சட்டியை எடுக்க நாகராசு குனிந்தபோது பிச்சையம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

“எம்புள்ளையக் கொன்ன கை. அந்தக் கை அவன் மேல படக்கூடாது. பாடையத் தொட்டான்னா நானும் அதுலயே ஏறிப் படுத்துருவேன்.”

பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவள் நகரவில்லை. கடைசியில் பங்காளி பெரியகருப்பன் சட்டியை வாங்கிக்கொண்டார். பாடை கிளம்பியது. எல்லாரும் போனபிறகு, ஒரு தெருத் தூரம் விட்டு, நாகராசு தனியாகப் பின்னால் நடந்து போனதை அமராவதி ஜன்னல் வழியே பார்த்தாள். அதன்பிறகு பெண்கள் அவளைக் கொல்லைக்குக் கூட்டிப்போய், செய்ய வேண்டியதைச் செய்து, மூலையில் உட்கார வைத்தார்கள்.

வெளிச்சம் மங்குவதற்குள் ஆண்கள் கண்மாயில் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு திரும்பினார்கள். வாசலில் வைத்திருந்த தவலைத் தண்ணீரில் கால் கழுவி, விளக்கைப் பார்த்து, ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நாகராசு வரவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம், மூடிய ரேஷன் கடைப் படியோரம் நின்றுகொண்டிருந்தான். உடம்பில் ஈரம் காய்ந்து துண்டு முதுகோடு ஒட்டியிருந்தது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பிச்சையம்மாள் வாசலை மறித்தாற்போல் உட்கார்ந்திருந்தாள்.

அமராவதி மூலையிலிருந்து எழுந்தாள். செவந்தி கையைப் பிடித்து இழுத்தாள். “இன்னிக்கு நீ வெளிய தல காட்டக்கூடாது, உக்காரு.” அவள் கையை விடுவித்துக்கொண்டாள். அடுப்படிக்குப் போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் மொண்டாள்.

“எங்கடி போற?” என்றாள் பிச்சையம்மாள்.

அமராவதி அவளைச் சுற்றிக்கொண்டு படி இறங்கினாள். அய்யாக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெறும் நெற்றியும் வெறும் கழுத்துமாக அவள் தெருவைக் கடந்து நாகராசு முன்னால் போய் நின்றாள்.

“உள்ள போங்க மதினி” என்றான் அவன், உதடு அசையாமல். “எல்லாரும் பாக்குறாக.”

அவள் போகவில்லை. செம்பை நீட்டிக்கொண்டே நின்றாள். நிறைசெம்புத் தண்ணீர் விளிம்பில் சிந்தியது.

அவன் செம்பையும் வாசலில் இருந்த ஆத்தாளையும் பார்த்தான். பிறகு குனிந்து இரண்டு கையையும் குவித்தான். அவள் ஊற்றினாள். அவன் குடித்தான். விரலிடுக்கில் வழிந்த தண்ணீர் புழுதியில் விழுந்து, விழுந்த இடத்திலேயே வற்றியது. அவள் இன்னும் ஊற்றினாள்.