தள்ளுபடி என்கிற சக்களத்தி

"என்னைவிட இந்த வண்டிதான் உங்களுக்கு ஒசத்தியா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா. இதோட எனக்கு வருஷக்கணக்குல பழக்கம். நீ வந்து ஒரு வாரம்தானே ஆகுது!"

கல்யாணமான புதிதில் வாசலில் நின்று பேசிக்கொண்டது. அவர் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அன்றோடு போயிற்று. பேச்சு மட்டும் தொண்டையில் சிக்கிய முள் மாதிரி தங்கிவிட்டது.

அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். தெருவுக்கே அவர் மாஸ்டர். பகல் முழுவதும் யார் யார் பக்கத்திலோ உட்கார்ந்து, "பிரேக்க மிதிக்காதீங்க, தடவுங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய் வருவார். வீட்டுக்கு வந்தபின் தன் சொந்தக் காரில் யாரும் கை வைக்கக் கூடாது. அந்தக் காருக்காக அவர் ஒருமுறைகூட இன்சூரன்ஸ் கம்பெனியிடம் போய் நின்றதில்லை. அப்படி எதுவும் கேட்காதவர்களுக்குக் கட்டணத்தில் ஒரு தள்ளுபடி உண்டு. அது வருஷா வருஷம் ஏறும். மாஸ்டருடையது ஏறி ஏறி, இனி ஏற இடமில்லாமல் உச்சியில் உட்கார்ந்திருந்தது. பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்த மாதிரி அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

"உங்க தள்ளுபடி எனக்கு சக்களத்தி" என்பாள் அவள்.

"மூத்தவ. மரியாதையா பேசு" என்பார் அவர்.

சக்களத்தியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது நாத்தனார்.

மாஸ்டரின் தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் அந்த வீட்டில்தான் இருந்தாள். இரவு வேலைக்குப் போய்வரச் சிரமமாக இருக்கிறது என்று, மாஸ்டர் தன் கல்யாணத்துக்கு முன்பே அவள் பெயரைத் தன் பாலிசியில் சேர்த்திருந்தார். அந்தக் காரை ஓட்டலாம் என்று எழுதியிருந்தது அவர்கள் இருவர் பெயர்தான். ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கும் சமயத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஃபோன் செய்வாள். எல்லோரும் அவளைப் பாலிசி அக்கா என்பார்கள். ஸ்பீக்கரில் அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்கும்.

"ஓட்டறவங்க அதே ரெண்டு பேர்தானே மாஸ்டர்?"

"அதேதான்க்கா."

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி இருக்கும். துணி மடித்துக்கொண்டிருக்கும் கை அப்படியே நின்றுவிடும் இவளுக்கு. ஒரு பெயர் தாராளமாக நுழையக்கூடிய இடைவெளி அது. ஒரு வருஷமும் நுழையவில்லை.

கேட்டிருக்கலாம். கேட்கவும் வாய் வரவில்லை. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. மெழுகில் ஒரு மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் கை. அந்தச் சம்பளத்தில் வாங்கிய சின்னக் காரை, கல்யாணமான முதல் வருஷமே, பின்னால் எடுக்கும்போது வேலை செய்யும் இடத்தின் இரும்புக் கேட்டிலேயே கொண்டுபோய் இடித்தாள். இன்சூரன்ஸில் கேட்டுத்தான் சரிசெய்தார்கள். அதுவரை சேர்ந்திருந்த அவளுடைய தள்ளுபடியும் அதோடு போயிற்று. மாஸ்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "விடு, கேட்டுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பாள், சண்டையோடு சண்டையாக இதையும் கேட்டிருப்பாள்.

மாஸ்டரின் கார் ஒரு பணக்கார மாணவர் ஊரை விட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. டிரைவர் பக்கத்துக் கதவில் இரண்டு பட்டன்கள் உண்டு. அழுத்தினால் இருக்கை தானாக நகர்ந்து அவரவர் அளவுக்கு வந்து நிற்கும். முதலாவது மாஸ்டருக்கு. ஒருநாள் யாரும் இல்லாதபோது உள்ளே உட்கார்ந்து இரண்டாவதை அழுத்திப் பார்த்தாள். இருக்கை மெல்ல முனகிக்கொண்டு முன்னால் போய், நாத்தனாரின் குட்டைக் கால்களுக்கு வாகாக நின்றது. இவளுடைய முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. வலியைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம். வண்டிக்குக்கூட அவளை ஞாபகம் இருக்கிறது!

இந்த வருஷம் நாத்தனார் சொந்தமாக ஒரு கார் வாங்கினாள். வீட்டில் எல்லோரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டது அண்ணிதான். அப்பாடா, அந்த இரண்டாவது இடம் காலியாகிறது. இனி இவள் கேட்கவே வேண்டியிருக்காது. மாஸ்டரே சொல்லிவிடுவார்.

பாலிசி அக்கா இம்முறை நேரிலேயே வந்தாள். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தாள்.

"மூணு வண்டியும் ஒரே வீட்ல நிக்குது. ஒரே பாலிசியில போட்டுடலாம் மாஸ்டர், மொத்தத்துல குறையும். ஆனா தள்ளுபடி மட்டும் அவங்கவங்களுக்குத் தனித்தனி. ஒருத்தர் இடிச்சா இன்னொருத்தர் வண்டியோடது போகாது, பயப்படாதீங்க."

"அப்பாடா" என்றாள் நாத்தனார், அண்ணியைப் பார்த்து.

"எதுக்கு என்னைப் பாக்கறே?" என்றாள் இவள்.

"சும்மா பாத்தேன் அண்ணி. பாக்கக்கூடக் கூடாதா?"

"உங்க பெரிய வண்டிக்கு என்ன பண்ணலாம்?" என்றாள் பாலிசி அக்கா. "தங்கச்சிக்குத்தான் சொந்த வண்டி வந்தாச்சே."

இவள் டீத் தட்டோடு அப்படியே நின்றாள்.

"என் பேரும் இருக்கட்டும்க்கா" என்றாள் நாத்தனார் முந்திக்கொண்டு. "புது வண்டி எப்ப மக்கர் பண்ணுமோ."

"இருந்துட்டுப் போகட்டும், என்ன இப்போ" என்றார் மாஸ்டர்.

தட்டை வைத்த வேகத்தில் டீ சாஸரில் சிந்தியது. சொந்த வீடு கட்டிக்கொண்டு போகிறவள் பழைய அறையையும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவாளா? நாத்தனார் போவாள்.

"அக்கா, என் வண்டிக்கும் அண்ணன் அளவு தள்ளுபடி வந்துடும்ல?" என்றாள் நாத்தனார். "நானும்தானே இத்தனை வருஷம் ஒரு கீறல் விழாம ஓட்டியிருக்கேன்."

பாலிசி அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு ஏதுடி? அது மாஸ்டர் பேர்ல சேர்ந்தது. நீ அந்த வண்டிய ஓட்டலாம்னு பேரு போட்டோம், அவ்வளவுதான். உன் கணக்கு இன்னைக்குத்தான் ஆரம்பிக்குது."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணும் இல்ல."

"அண்ணிக்கு?"

"அவங்க சொந்த வண்டியாச்சே. கேட்ல இடிச்சப்ப போனது, அப்புறம் நல்லா ஏறியிருக்கு."

"இடிச்சவங்களுக்கு இருக்கு, இடிக்காத எனக்கு இல்லையா? இது என்னக்கா நியாயம்?"

அண்ணிக்குள் யாரோ எழுந்து நின்று கை தட்டினார்கள். வாயும் சும்மா இருக்கவில்லை. "இடிச்சாலும் சொந்த வண்டியில இடிச்சேன்ல!"

நாத்தனார் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உன்னோடத எனக்கு மாத்திக் குடுத்துடேன்."

மாஸ்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "முடியுமாக்கா?"

இவள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டதை, தங்கை கேட்டதும் தூக்கிக் கொடுக்கிறார்!

"தங்கச்சிக்கெல்லாம் ஆகாது" என்றாள் பாலிசி அக்கா. "எங்க கம்பெனியில புருஷன் பொண்டாட்டிக்குள்ள மட்டும்தான். அதுவும் ஒரே ஒரு தடவை."

"அதானே! எப்பவும் எல்லாம் அண்ணிக்குத்தான்" என்றாள் நாத்தனார். "நைட் டூட்டி முடிஞ்சு வந்தா, வாசல்ல உங்க வண்டி உங்க இடத்துல ஜம்னு நிக்கும் அண்ணி. நான் அண்ணன் வண்டிய இரவல் வாங்கி, ஒரு தூசி படாம ஓட்டி, இறங்கறப்ப சீட்டை அவன் அளவுக்கு மாத்திவெச்சு, சாவிய ஆணியில மாட்டணும். உங்களப் பாத்தா எனக்கு எவ்ளோ எரியும் தெரியுமா?"

எரியுமா? நாத்தனாருக்கா? தன்னைப் பார்த்தா? இத்தனை நாள் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று இருவரும் புகைந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எரிச்சல் முழுசாக அணையவில்லை.

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். "உனக்கு வேணுமா? எடுத்துக்கோ. மூத்தவள உன்கிட்டயே அனுப்பி வெச்சிடறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் கட்டைவிரல் கார்ச் சாவியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. உண்மையாகவே கொடுத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. அது இல்லாமல் நாளைக்கு யாரிடம் என்ன சொல்லிப் பெருமைப்படுவார் என்பதும் தெரிந்தது.

"வேணாம்."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? என்ன வேணும்னு சொன்னாத்தானே தெரியும்?"

பாலிசி அக்கா டீயைக் குடித்து முடித்து, திரையில் விரலை வைத்தாள்.

"சரி, நேரமாகுது. பெரிய வண்டிக்கு ஓட்டறவங்க அதே ரெண்டு பேர்தானே மாஸ்டர்?"

அதே கேள்வி. அதே மூச்சு இடைவெளி. மாஸ்டர் வாயைத் திறந்தார்.

"என் பேரையும் போடச் சொல்லுங்க" என்றாள் அவள். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. "உங்க வண்டிய நான் ஓட்டணும். இடிச்சா இடிச்சதுதான், போனா போகட்டும் உங்க மூத்தவ. ஊர்ல இருக்கறவங்க பக்கத்துலயெல்லாம் உக்கார்றீங்கல்ல, ஒரு நாளாவது என் பக்கத்துல வந்து உக்காருங்க."