வளையம் கல்யாணத்துக்குப் போயிருந்தது

கூடைப்பந்து ஆட்டத்தின் முதல் பாதி முடிந்தபோது ஸ்கோர் எழுபத்தொன்றுக்கு சைபர். இரண்டாம் பாதி தொடங்கியபோது, பாளையங்கோட்டைப் பெண்கள் பந்து போட வேண்டிய வளையத்தைக் காணோம். கம்பமும் பலகையும் மட்டும் நின்றன.

"எங்கே?" என்று கேட்டார் நடுவர்.

"கல்யாணத்துக்குப் போயிருக்கு," என்றார் பயிற்சியாளர் செல்வகனி மிஸ். "ஜங்ஷன் பக்கம். நெருங்குன சொந்தம். போகலன்னா தப்பா நினைப்பாவ."

நடுவர் நியாயமான மனிதர். வளையம் இல்லாவிட்டால் ஆட்டத்தை நிறுத்தலாம் என்று எந்த விதியிலும் இல்லை என்றார். விசில் ஊதினார்.

எதிரணி கோயம்புத்தூர்க் கல்லூரி. அவர்கள் போடும் வளையம் கல்யாண அண்டா அளவுக்கு விரிந்திருந்தது. தண்ணீர் குடித்துக்கொண்டே போட்டார்கள். விழுந்தது. ஷூ லேஸ் கட்டிக்கொண்டே போட்டார்கள். அதுவும் விழுந்தது. சொந்த ஊர்க் கூட்டம் எல்லாவற்றுக்கும் கை தட்டியது. வந்தது வந்துவிட்டோம், தட்டுவோமே என்ற எண்ணம்தான்.

முப்பிடாதி மூன்றாம் ஆண்டு. அதுதான் அவளுடைய கடைசி ஆட்டம். கல்லூரிக்காக அவள் ஒரு கூடைகூடப் போட்டதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கத்துவதில் கெட்டிக்காரி. மற்றவர்களுக்கு மூச்சு வாங்கியதால் அன்று அவளை இறக்கியிருந்தார்கள்.

செல்வகனி மிஸ் அவளைக் கிட்டே கூப்பிட்டார்.

"ஏட்டி, தோக்கிறது தோத்தாச்சு. சைபர் மட்டும் வேண்டாம்."

முப்பிடாதிக்குப் புரிந்தது. வாலிபால் அணி ஒரு தடவை சைபரில் தோற்றது. அந்த சைபர் போர்டை விட்டு இறங்கி ஹாஸ்டலுக்கு வந்தது. இன்னும் ஒரு அறையை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. அந்த அறைப் பிள்ளைகள் வராந்தாவில் தூங்குகிறார்கள். இது அதைவிடப் பெரிய சைபர்.

"போயிட்டு வாரேன் மிஸ்," என்றாள். பந்தைத் தட்டிக்கொண்டே கேட்டைத் தாண்டினாள்.

பின்னாலேயே ஒருத்தி வந்தாள். கோயம்புத்தூர் அணியின் கோகிலவாணி. நல்ல உயரம். இரண்டு கைகளையும் விரித்து முப்பிடாதியை மறித்தபடியே வந்தாள்.

"நீ எதுக்குட்டி வார?"

"உங்கள மார்க் பண்றது என்ற வேலைங்க. நீங்க எங்க போனாலும் வரோணும்."

நடுவரும் வந்தார். மூவரும் டவுன் பஸ்ஸில் ஏறினார்கள்.

பெண்கள் இருவருக்கும் கண்டக்டர் இலவச டிக்கெட் கிழித்தார். பந்தைப் பார்த்தார்.

"பந்து ஆம்பளையா, பொம்பளையா?"

"எங்க டீம் பந்துண்ணே. பொம்பளைதான்."

அதற்கும் இலவச டிக்கெட் கிடைத்தது. நடுவர் மட்டும் காசு கொடுத்தார். முப்பிடாதி பஸ்ஸுக்குள் தட்டுவதை விடவில்லை. விட்டால் டிராவலிங் என்று நடுவர் தப்பு கொடுத்துவிடுவார்.

ஆற்றுப்பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. பாலத்து ஒலிபெருக்கி நூற்றுப் பதினான்குக்கு சைபர் என்றது. பந்து இங்கே இருந்தாலும் ஸ்கோர் அங்கே பழக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

மண்டபத்தில் வளையம் மணவறைக்கு மேலே தொங்கியது. வலை முழுக்கப் பிச்சிப்பூ வைத்திருந்தது. மைதானத்தில் அதை இவ்வளவு சந்தோஷமாக முப்பிடாதி பார்த்ததே இல்லை. குறி பார்த்தாள்.

"முதல்ல சாப்பிடுங்க," என்று பெண்வீட்டுக்காரர் குறுக்கே வந்தார்.

"மேட்ச் நடக்கு மாமா."

"நடக்கட்டும். பந்தியும் நடக்கு."

உட்கார்ந்தார்கள். முப்பிடாதி இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டே வலது கையால் கேசரி சாப்பிட்டாள். கோகிலவாணி ஒரு கையால் இட்லியைப் பிய்த்தாள். இன்னொரு கையை முப்பிடாதியின் முகத்துக்கு நேரே உயர்த்தியே வைத்திருந்தாள். நடுவர் இரண்டாவது வடை கேட்டு வாங்கினார்.

பிறகு முப்பிடாதி மணவறை முன்னால் வந்து நின்றாள். எம்பிப் போட்டாள். கோகிலவாணி அடித்துத் தள்ளினாள். பந்து மாப்பிள்ளை மடியில் விழுந்தது. அவர் திருப்பிக் கொடுத்தார்.

"எக்கா, சீக்கிரம் போடுங்க," என்றாள் கல்யாணப்பெண். "முகூர்த்தம் போயிரும்."

முப்பிடாதி மறுபடி எம்பினாள். இந்தத் தடவை கீழே இறங்கவில்லை. கோகிலவாணியும் எம்பி அவள் எதிரே நின்றாள். அங்கிருந்து ஆறு தெரிந்தது. பாலம் தெரிந்தது. தூரத்தில் மைதானமும், துண்டைக் கடித்துக்கொண்டு செல்வகனி மிஸ் நிற்பதும் தெரிந்தன.

"இதுக்கு முன்னாடி கூடை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"இல்ல."

"பயமா இருக்குதுங்களா?"

"பயமாத்தான் இருக்கு. நல்லாவும் இருக்கு."

"அப்பப் போடுங்க. நான் தடுக்கத்தான் செய்வேன்."

போட்டாள். கோகிலவாணியின் நடுவிரல் பந்தை உரசியது. பந்து வளையத்தின் விளிம்பில் சுற்றியது. நாதஸ்வரக்காரர் மூச்சைப் பிடித்தார். இன்னொரு சுற்று. பிச்சிப்பூ உதிர்ந்தது.

விழுந்தது.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

அந்தச் சத்தத்தில் மாப்பிள்ளை தாலியைக் கட்டினார். அட்சதை நாலு பக்கமும் பறந்தது. பாதி நடுவர் தலையில் விழுந்தது. அவர் அசையாமல், இரண்டு புள்ளி என்று இரண்டு விரலை உயர்த்தினார். பெண்வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் முப்பிடாதி தங்கள் பக்கத்துப் பிள்ளை என்று சண்டை போட்டார்கள். முப்பிடாதி தரையில் கால் பட்டதும் கோகிலவாணியைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். கோகிலவாணியும் குதித்தாள்.

நடுவர் விசில் ஊதினார். கூடை விழுந்தால் அடுத்து பந்து எதிரணிக்கு. அதுதான் விதி. கோகிலவாணி பந்தை வாங்கிக்கொண்டாள்.

"இப்ப நீங்க என்னைத் தடுக்கோணுங்க," என்றாள்.

முப்பிடாதி கைகளை அகல விரித்தாள். கோகிலவாணி வாசல் வழியாக ரோட்டில் இறங்கினாள். முப்பிடாதி அவளை மறித்தபடி பின்பக்கமாகவே ஓடினாள். ஆட்டோக்கள் ஒதுங்கின. மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். அன்றைய ஆட்டம் நூற்று நாற்பத்தாறுக்கு இரண்டு என்று முடியப்போகிறது. தெரிந்திருந்தாலும் அவள் கைகளை இறக்கியிருக்கமாட்டாள்.

பாலத்தின் நடுவில் கோகிலவாணி இடது பக்கம் போவதுபோல் ஏய்த்து வலது பக்கம் தாண்டிவிட்டாள்.

"அடி கள்ளி!" என்று கத்திச் சிரித்தாள் முப்பிடாதி. சட்டென்று திரும்பித் துரத்தினாள்.