பெட்டி கூப்பிடுகிறது

திரை முழுக்கச் சிவப்பு. அழைப்பை எடுத்த வீடுகளுக்குப் பச்சை, எடுக்காமல் துண்டித்த வீடுகளுக்குச் சிவப்பு என்று நிறம் பிரித்து வைத்தது அவள்தான். இப்போது அந்தச் சிவப்பு மொத்தமும் தன் முகத்திலேயே அப்பியதுபோல் இருந்தது.

"போதுமான அளவு பாத்தாச்சும்மா," என்றார் மேனேஜர். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட செய்தி சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். இப்போது துடைத்துக்கொண்டிருந்தார். "ஒருத்தரும் போனை எடுக்கல. ஆளே எடுக்காத போனுக்கு எதுக்குடா பெட்டின்னு மேலிடத்துல கேக்கறாங்க. நாளைக்குப் போய் கழட்டிட்டு வந்துடு."

"பெட்டி போச்சுன்னா டீசல் மோட்டாரே திரும்ப வந்துடும் சார். ஊர்க் கமிட்டியில அப்பவே சொல்லிட்டாங்க."

"தெரியும்மா." இன்னும் அழுத்தித் துடைத்தார்.

அவள் ஊர், சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் ஒரு குடியிருப்பு. தண்ணீர் மேட்டிலிருக்கும் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து தெருக்குழாய்க்கு இறங்கிவர வேண்டும். முன்பு டீசல் மோட்டார் ஏற்றிக்கொண்டிருந்தது. நேரம் தவறாது, ஆனால் தெருவையே இருமவைக்கும். மோட்டார் அறைக்கு ஒட்டினாற்போல் அக்காவின் தையற்கூடம். வெள்ளைத்துணி தைக்கும் நாட்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வெந்து சாவார்கள். திறந்தால் துணியில் கரி படியும்.

பிறகு டீசலுக்குப் பதில் சூரிய மின்தகடுகள் வந்தன. புகை போனது, கூடவே நேரமும் போனது. வெயில் அடித்தால் தொட்டி சட்டென்று நிரம்பும், மேகம் வந்தால் சண்டி மாடாக நின்றுவிடும். தண்ணீர் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாததால் பெண்கள் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு அரைநாளைக் குழாயடியில் தொலைத்தார்கள். தையற்கூடத்தில் மெஷின்கள் பாதி நேரம் சும்மா கிடந்தன. "இந்தச் சூரியனுக்கு ஒரு கைக்கடிகாரம் கட்டிவிடேன், நீ படிச்ச படிப்புக்கு!" என்று அக்கா ஒருநாள் எரிந்து விழுந்ததிலிருந்துதான் அந்தப் பெட்டி பிறந்தது.

பழைய செல்போன் ஒன்றின் உள்ளுறுப்புகள், தொட்டியின் விளிம்பில் நீர்மட்டம் பார்க்கும் ஒரு கருவி, கையகலச் சூரியத் தகடு, அவ்வளவுதான் பெட்டி. தொட்டி நிரம்பப்போகும்போது எல்லா வீட்டுக்கும் போன் போகும். "இன்னும் சற்று நேரத்தில் தண்ணீர் திறக்கப்படும்" என்று அவள் குரலே பேசும். பின்பு வால்வு தானாகத் திறந்துகொள்ளும். அந்த ஒரு வரியை அவள் குளியலறையில் நின்று எத்தனையோ முறை பேசிப் பதிவு செய்திருந்தாள். கேட்கத்தான் ஆள் இல்லை. "எல்லாம் நல்லாத்தான்டி போகுது," என்று அக்கா போனில் சொன்னபோதுகூட, தங்கச்சி மனசு நோகக்கூடாதென்று சொல்கிறாள் என்றே நினைத்தாள்.

மறுநாள் காலை ஸ்க்ரூடிரைவரும் ஸ்பேனரும் பையில் குலுங்க பஸ்ஸை விட்டு இறங்கினாள். நேரே குழாயடியைத்தான் பார்த்தாள். ஒரு குடம் இல்லை, ஒரு வாளி இல்லை. குழாய்க்குக் கீழே ஒரு பூனை காலை நீட்டிப் படுத்திருந்தது. ஆக, சனங்கள் குழாயையே கைகழுவிவிட்டார்கள். எங்கேயோ லாரித் தண்ணீருக்கு அலைகிறார்கள்.

பெட்டி இருக்கும் மேட்டுக்கு உடனே ஏற மனமில்லை. தையற்கூடத்துக்குள் நுழைந்தாள்.

"வாங்க மேடம்!" வாயில் நூலைக் கடித்துக்கொண்டே அக்கா வரவேற்றாள். "என்ன, பையும் கையுமா? உன் வீட்டுக்காரர் துரத்திவிட்டாரா?"

"சும்மா பாக்க வந்தேன்."

"சும்மா வர்ற மூஞ்சியா இது? இஸ்திரி போடாத சட்டை மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மெஷின்கள் நிற்கவில்லை. சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுப்பதால் 'காஜா' என்றே பெயராகிவிட்ட பெண்மணி மட்டும் தலைநிமிர்ந்து, "பெட்டிக்காரி இளைச்சுட்டாளே," என்று உச்சுக்கொட்டினாள்.

பெட்டியைக் கழற்ற வந்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் அடித்தது. அடுத்து காஜாவின் போன். பின் வெட்டுமேசை மேல் ஒன்று, துணிக்குவியலுக்கு அடியில் ஒன்று என்று கூடமே கிணுகிணுத்தது. அவள் ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். ஒருவராவது எடுக்கட்டும், கடவுளே, ஒரே ஒருவர்.

அத்தனை கைகளும் நீண்டன. அத்தனை கைகளும் துண்டித்தன. அக்கா போனைப் பார்க்கக்கூட இல்லை, கொசு அடிப்பதுபோல் அடித்துவிட்டு நூலைக் கத்தரித்தாள்.

போன்கள் மறுபடி அடித்தன, கைகள் மறுபடி துண்டித்தன. சொந்த அக்காவே!

ஆனால் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. மூலையில் கவிழ்த்து வைத்திருந்த குடங்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு எல்லோரும் வாசலுக்குக் கிளம்பினார்கள்.

"எங்க போறீங்க?"

"எங்கயா? தண்ணி வரப்போகுதுல்ல," என்றாள் அக்கா. "இப்பதானே உன் பெட்டி கூப்பிட்டுச்சு?"

"அதான் யாருமே எடுக்கலையே!"

"எதுக்கு எடுக்கணும்? அந்த நம்பர்ல அடிச்சா தண்ணின்னு அர்த்தம். எடுத்தா உனக்குத்தானேடி காசு போகும்? தெருவுல ஒருத்தரும் எடுக்கக்கூடாதுன்னு நான்தான் வீடுவீடாப் போய் சொல்லிட்டு வந்தேன்."

"நான் மொத நாளு தெரியாம எடுத்துட்டேன்," என்றாள் காஜா, குற்ற உணர்ச்சியோடு. "பாவம், புள்ள செலவு பண்ணிப் பேசுதேன்னு உடனே வச்சுட்டேன். ஆனா ஏன்மா, கட் பண்ணாலும் மறுபடி மறுபடி அடிக்கிறே? எங்களுக்கென்ன காது செவிடா?"

யாரும் எடுக்காவிட்டால் மூன்று முறை அழைக்கும்படி அவள்தான் எழுதியிருந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்பதற்கு ஒரு மிஸ்டு கால், கீழே இறங்கி வா என்பதற்கு இரண்டு மிஸ்டு கால் என்று போனை எடுக்காமலேயே வாழ்ந்த தெரு இது. அவளும் அப்படி வளர்ந்தவள்தான். ஆபீசில் உட்கார்ந்து நிறம் தீட்டும்போது எப்படி மறந்துபோனாள்?

குழாயடியில் தள்ளுமுள்ளு இல்லாமல் குடங்கள் நிரம்பத் தொடங்கின. அவள் மேனேஜரைக் கூப்பிட்டாள். எடுத்தார். தெருவில் நடந்ததைச் சொன்னாள்.

"எடுக்காதவங்க எப்படிம்மா கேட்டவங்களாவாங்க?" என்று இழுத்தார்.

"சார், சிவப்பைப் பாக்காதீங்க. தொட்டியோட நீர்மட்டத்தைப் பாருங்க. போன் போனதும் தண்ணி எப்படி இறங்குது?"

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம். பிறகு அதுவும் நின்றது. கண்ணாடி துடைக்கப்படுகிறது என்று அவள் பயந்தாள்.

"படபடன்னு இறங்குதே," என்றார் கடைசியில். "தினமும் இறங்குது. போன் பில்லு வரலையேன்னு நானும் பாத்தேன், யாருக்கும் வேண்டாம் போலன்னு நினைச்சுட்டேன். சரி, மேலிடத்துல நான் பேசிக்கறேன். பெட்டியில கை வைக்காதே. மூணு தடவை அடிக்கறதை மட்டும் நிறுத்து, பாவம்."

வெட்டுமேசையில் காலர் துண்டுகளை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியை வைத்தாள். ஒரே மணி, உடனே நிறுத்து. அவ்வளவுதான் மாற்றம், மூன்று வரி. ஆனால் சோதித்துப் பார்க்க முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. சும்மா ஒரு மணி அடித்தாலும் தெருவே குடத்தோடு ஓடிவந்துவிடும். தொட்டி மறுபடி நிரம்பும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மதியம் முழுக்க வாசலில் நின்று, வெயிலைத் தன் சொந்தக்காரரைப்போல் கெஞ்சிப் பார்த்தாள். நல்லவேளை, மேகம் எட்டிப்பார்க்கவில்லை.

நிழல்கள் நீளத் தொடங்கியபோது கூடத்தின் எல்லாப் போன்களும் ஒரே ஒரு முறை சிணுங்கி அடங்கின.

நீட்டிய விரலோடு காஜா அப்படியே நின்றாள். "அடிப்பாவி! நான் கட் பண்றதுக்குள்ள அதுவே கட் பண்ணிடுச்சே! என்ன திமிர் பாத்தியா!"

"குடத்தை எடுங்க முதல்ல," என்றாள் அவள். அக்காவின் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் தெருவில் இறங்கி ஓடினாள்.