பத்தொன்பது பேர் குழு

கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கு எரிந்தது. அதன்மேல் ஹால்வர், காட் என்ற கடல்மீனின் துண்டங்களைப் பரப்பி, சதைக்குள் சுருண்டு கிடந்த புழுக்களைச் சாமணத்தால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நார்வேயின் வடக்குத் தீவில் இருந்த அந்த மீன் ஆலையில் பதினான்கு வருடமாக அவனுக்கு இதே வேலை. எதிரே நின்ற ஸ்டைனர் துண்டங்களைப் பார்த்தும் பார்க்காமலும் தள்ளிவிட்டான். பெட்டியில் புழு கிடைத்தால் இப்போதெல்லாம் பழி ஹால்வர் தலையில்தான் விழுகிறது.

"கையைப் பாருடா. நகத்துக்குச் சாயம் பூசினா வேலை எப்படி ஓடும்?" என்றான் ஸ்டைனர்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்புவரை ஹால்வரின் குடுவையிலிருந்து காபி ஊற்றிக் குடித்தவர்கள்தான் அத்தனை பேரும்.

நடந்தது இவ்வளவுதான். ஆலை ஆட்கள் தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்ள முகநூலில் ஒரு குழு வைத்திருந்தார்கள். ஒருவன் நாள் கேட்டு எழுதுவான், இன்னொருவன் எடுத்துக்கொள்வான், மேலாளரிடம் போய் நிற்க வேண்டியதில்லை. அதில் ஹால்வர் எழுதினான்: 'ஆறு வியாழக்கிழமை வேண்டும். என் கணவன் எஸ்பனுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய் மருந்து ஏற்றுகிறார்கள். போனமுறை தனியாகப் போய்விட்டுத் திரும்புகையில் படகிலேயே மயங்கி விழுந்துவிட்டான்.'

எஸ்பன் அந்தத் தீவின் தபால்காரன். இருவரும் ஒரே வீட்டில் இருப்பது ஊரறிந்த விஷயம். ஆனால் 'கணவன்' என்று ஹால்வர் எழுதியது அதுதான் முதல் தடவை.

'ரெண்டு பேர்ல பொண்டாட்டி யாருன்னு சொல்லு, அப்புறம் நாள் தரேன்' என்று ஸ்டைனர் எழுதினான். 'இதுங்க கை பட்ட மீனை எவன் தின்பான்?' என்றான் இன்னொருவன். இரவுக்குள் ஸ்டைனர் மறுபடி எழுதினான்: 'ரெண்டையும் பலகைல கிடத்தி முள்ளெடுக்கணும்.' அதன் கீழே பதினொரு சிரிப்பு முகங்கள். நாள் தர ஒருவரும் வரவில்லை.

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல, போய்க் கொடு" என்றான் எஸ்பன். ஹால்வர் எல்லாவற்றையும் அச்செடுத்துப் போலீசில் கொடுத்தான். மூன்று வியாழக்கிழமைகளைத் தன் விடுமுறையை வைத்து ஓட்டினான். விடுமுறை தீர்ந்துபோனது. இன்னும் மூன்று பாக்கி இருந்தன.

அன்று மதிய இடைவேளையில் அவனைக் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே இருந்த போலீஸ்காரி மரிட் அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

"படிச்சப்போ எனக்கே அசிங்கமா இருந்துது, ஹால்வர். ஆனா கேஸை மூடிட்டாங்க."

"ஏன்?"

"பொதுவுல சொல்லியிருந்தாத்தான் இந்த வெறுப்புப்பேச்சுச் சட்டம் பிடிக்கும். இது மூடின குழு. இருபது முப்பது பேராவது இருந்தாத்தான் பொதுன்னு எடுத்துப்பாங்க. இதுல மொத்தமே பத்தொன்பது பேர்."

"நாப்பத்தாறு பேர் இருந்தாங்களே."

"எப்போ?"

அந்தக் குழுவைப் பார்த்துக்கொள்வது ஹால்வர்தான். ஏப்ரல் கடைசியில் மீன் சீசன் முடிந்து, அதற்காக வேலைக்கு வந்திருந்த லிதுவேனியாக்காரர்கள் ஊர் திரும்பியதும், வருடா வருடம் செய்வதுபோல, ஒவ்வொரு பெயராகத் தானே நீக்கிச் சுத்தம் செய்திருந்தான். இருபத்தேழு பெயர். அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் 'கணவன்' என்று எழுதினான்.

"முள்ளெடுக்கணும்னானே, அது?"

"மீன் ஆலைக்காரன் கேலின்னு எழுதிட்டாங்க மேல. ஆலை மேல புகார் கொடுக்கத் தனி ஆணையம் இருக்கு. எழுதிப் போடு."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு வருஷம் வெச்சுக்கோயேன்."

"எனக்கு மூணு வியாழக்கிழமைதான் வேணும், மரிட்."

அவள் காகிதங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள். அவனுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, தன் கைகள்மேல்தான் வந்தது.

ஆலைக்குத் திரும்பியதும் மேலாளர் குன்வோர் கூப்பிட்டாள். "போலீஸ் வரைக்கும் போயிட்டியாமே. நம்ம வீட்டுச் சண்டையை நடுத்தெருவுக்குக் கொண்டுபோகலாமா?"

"வியாழக்கிழமை சம்பளமில்லாம விடுங்க, போதும்."

"ஆர்டர் கழுத்தை நெரிக்குது. மாத்து ஆளைக் கொண்டா, இப்பவே விடறேன். இன்னொண்ணு, நாளையிலேர்ந்து நீ குளிர் அறைக்குப் போ. அங்க தனியா நிம்மதியா இருக்கலாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"ஸ்டைனரை அனுப்பலாமே."

"அவனுக்கு முதுகுவலிப்பா."

ஹால்வர் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து ஃபோனை எடுத்தான். கெஞ்சுவது அவனுக்குப் பழக்கமில்லை. 'வரும் வியாழன் ஒரு நாள் மட்டும். பதிலுக்கு யாருக்காவது மூன்று சனிக்கிழமை செய்கிறேன்' என்று எழுதிப் போட்டான்.

வியாழக்கிழமை காலை எஸ்பனைப் படகுத்துறையில் இறக்கிவிட்டான். சாப்பாட்டுப் பெட்டி, போர்வை, வாந்தி எடுக்கப் பைகள் எல்லாம் எஸ்பனின் தோள்பையில் இருந்தன. தொப்பிக்குக் கீழே, முடி உதிர்ந்த தலையோரம் காது சிவந்து தெரிந்தது.

"உள்ள உட்கார்ந்தே போ. மேல்தளத்துக்கு வராதே."

"நீ போ, நேரமாச்சு. நீ குளிர் அறைல இருந்தாலும் ஸ்டைனர் புழுவையெல்லாம் உன் பேர்லதான் எழுதுவான்."

குளிர் அறையின் ஏற்றுமதிக் கதவு கடலைப் பார்த்து இருந்தது. ஹால்வர் இருபது கிலோ பெட்டிகளைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தபோது படகு கிளம்பியது. எஸ்பன் மேல்தளத்தில்தான் நின்றான், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

ஹால்வர் கையுறையைப் பல்லால் கழற்றிக் குழுவைத் திறந்தான். அவன் எழுதியதற்குக் கீழே ஒரு பதிலும் இல்லை. பார்த்தவர்கள் என்ற இடத்தில் மட்டும் பதினெட்டுப் பேர் என்று இருந்தது.